இரு மகிழ்ச்சி

கியாக்டடா
13 அக்டோபர் 2025, திங்கள்

அண்ணாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நீங்கள் கத்துகிறீர்கள், மூன்றாவதில் நான் கத்துகிறேன். அதனால் எழுதுகிறேன். ஸ்டீவன் மாமா பாங்குக் காவலுக்கு நான் இப்போது இருக்கிற விடுதித் தெருவுக்குத்தான் தினமும் வருகிறார், ஞாயிறு பூசையில் உங்களையும் பார்க்கிறார். இனி அவர்தான் நமக்குத் தபால்காரர். பர்மாவில் ஊருக்கெல்லாம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவளுக்குத் தமிழில் ல, ள, ழ இன்னும் தகராறுதான். மாதா கோயில் ஞாயிற்றுப் பள்ளியில் படித்தது அவ்வளவுதானே. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

கிழித்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வியாழக்கிழமை நீங்கள் ஷ்வேப்யிதாப் பட்டறையில் வேலை முடிந்து வந்தபோது நம் கதவில் ஒரு சிவப்புத் தாள் இருந்தது. ஒட்டியவர் டோ சான் யீ, கோ லினுடைய அம்மா, எனக்கு மாமியாராக வரப்போகிறவர். லாத்தாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, தன் கையால் வெட்டிய தாளை, வீட்டில் காய்ச்சிய கஞ்சிப் பசையால் ஒட்டிவிட்டு, எதிர்வீட்டுக் காளியம்மா அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைப் பார்த்தீர்கள், முகம் வெளுத்தது, பிடித்து இழுத்துக் கிழித்துச் சாக்கடையில் போட்டீர்கள். ஈரக் கையோடு அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அது கல்யாணத் தாள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "எவன் ஊட்டுக் கதவுல எவ வந்து ஒட்டுறது?" என்று ஆரம்பித்துவிட்டீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இந்த விடுதிக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் எதைக் கிழித்தீர்கள் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். 喜, இது ஓர் எழுத்து. சீனாவில் பிறந்தது, ஜப்பானிலும் இதே எழுத்துதான். மேல் பாதி, தாங்கியில் ஏற்றி நிறுத்திய மேளம். கீழே இருக்கும் கட்டம், திறந்த வாய். மேளம் அடிக்கிறது, வாய் பாடுகிறது. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் எலும்பிலும் ஆமை ஓட்டிலும் யாரோ கீறி வைத்த மகிழ்ச்சி இது. என் வகுப்பில் முதல்முதலாக இதைப் பலகையில் எழுதியபோது சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மேளச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. சிரிக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு அதை ஒன்றோடு ஒன்று சேர்த்து எழுதுவார்கள். 囍. இரண்டு மேளம், இரண்டு வாய், தோளோடு தோள். தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

இரு மகிழ்ச்சி.

அவர்களுடைய பௌத்த மழைக்கால விரதம் தடின்ஜுப் பௌர்ணமியோடு முடிந்துவிட்டது. நமக்குத் திருவருகைக் காலம் தொடங்கப்போகிறது. கல்யாணத்துக்கு ஆகாத அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நாள் நவம்பர் 22, சனிக்கிழமை. காலையில் நம் கோயிலில் ஆசீர்வாதம், பிறகு லாத்தாவில் அவர்கள் வீட்டில் தேநீர். பெரியவர்கள் நாற்காலியில் உட்காருவார்கள், நானும் கோ லினும் முழங்காலிட்டு ஒவ்வொருவருக்கும் கோப்பை கொடுக்க வேண்டும். அவர் பக்கம் நிறைய நாற்காலி. என் பக்கம் ஒன்றே ஒன்று. அதில் உட்கார உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

ஷைலா

மிங்கலா தாங்ஞுன்ட்
19 அக்டோபர் 2025

ஷைலாவுக்கு,

பூசை முடிந்ததும் ஸ்டீவன் உன் கடிதத்தைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு நான் படிக்கிற முகத்தைப் பார்க்க நின்றான். போகச் சொல்லிவிட்டேன்.

எனக்கு எழுத்துப் பாடம் எடுக்கிறாயா? எழுத்தைத் தகட்டில் வெட்டி விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். இந்த ஊரில் எத்தனை கடைப் பலகையில் என் கை பட்டிருக்கிறது என்று எனக்கே தெரியாது. பர்மிய எழுத்து எல்லாம் வட்டம். வட்டத்தில் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் விஷயம். மேலே திறந்தால் 'ப', கீழே திறந்தால் 'க'. வாயை மூடிவிட்டால் 'வ'. 'வ' என்றால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம், உனக்குத் தெரியும். வயிறு நிறைந்தவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று எழுத்தைக் கண்டுபிடித்தவனுக்கே தெரிந்திருக்கிறது. உனக்குத்தான் தெரியவில்லை.

'இரு மகிழ்ச்சி' என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு வெகுநேரம் விழித்தேன். யாரை இருக்கச் சொல்கிறாய்? மகிழ்ச்சியைப் பார்த்து 'இரு, போகாதே' என்கிறாயா? இல்லை, என்னை அந்த நாற்காலியில் இருக்கச் சொல்கிறாயா? பையைத் தூக்கிக்கொண்டு போனவள் இருக்கச் சொல்லி எழுதுகிறாள் என்று நினைத்துக் கோபம் கோபமாக வந்தது. பிறகுதான் இரண்டு என்று புரிந்தது. தமிழையும் ஒழுங்காக எழுது.

அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க நான் வரமாட்டேன். தெரிந்து செய்தால்தான் தப்பு. சிவப்புத் தாள் என்றால் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியாது, கேட்கவும் வேண்டாம். நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்.

இன்னொன்று. அந்தத் தாள் முழுக்க வரவில்லை. நடுவில் கிழிந்து இடப்பக்கம்தான் கையோடு வந்தது. வலப்பக்கம் இன்னும் கதவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எமகாதகப் பசை. பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்டத்தான் போனேன். அதன் தலையில் சிலுவை மாதிரி ஒன்று தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். வேறு காரணம் இல்லை.

அமிர்தநாதன்

கியாக்டடா
22 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்தேன். 'இரு' வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாணவர்கள் "சயாமா, என்ன?" என்று கேட்டார்கள். எப்படிச் சொல்வது? பர்மிய மொழியில் சொன்னால் பாதி போய்விடும், ஜப்பானிய மொழியில் சொன்னால் முழுக்கப் போய்விடும். எங்கள் மொழியில் 'இரண்டு' என்பதும், உட்காருவதும், போகாமல் இருப்பதும் ஒரே சொல் என்று சொன்னேன். ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் பிழையாக எழுதினேன் என்றீர்களே, அது பிழையாக இருக்கட்டும், எனக்கு அது பிடித்துவிட்டது.

கதவில் பாதி இருக்கிறதா? அண்ணா, அந்தப் பாதியும் முழு எழுத்துதான். ஒரு மேளம், ஒரு வாய். ஒற்றை மகிழ்ச்சி. என்னோடு சண்டை போட்டுக்கொண்டே தினமும் அதற்குக் கீழேதான் போய் வருகிறீர்கள். சிலுவை என்று நீங்கள் பார்த்தது மேளத்தின் உச்சி. சிலுவையாகவே இருக்கட்டும், சுரண்டாதீர்கள்.

நேற்று அவர்கள் கடைக்குப் போனேன். கோ லின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிதான் வியாபாரம் என்று சொல்லியிருக்கிறேன். சுவரெல்லாம், தரையெல்லாம், வாசலுக்கு வெளியேகூட கண்ணாடி. உள்ளே போனால் நான் எத்தனை பேர் என்று எனக்கே குழப்பமாக இருக்கும். தெருவில் இருக்கிற எல்லாப் பலகையும் அங்கே திரும்பிக்கொண்டு நிற்கும். பர்மிய எழுத்தில் உங்கள் 'க'வும் 'ப'வும் 'வ'வும் தப்பிக்கும், மற்றதில் பெரும்பாலானது கோணல். என் வகுப்புப் பையில் இருக்கிற என் பெயரையே வாசிக்க முடியாது. டோ சான் யீ கல்யாணத்துக்காக வெட்டிய தாள்களைக் கடைக்குள் ஒரு கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். எல்லாக் கண்ணாடியிலும் 囍 அப்படியே நின்றது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. முன்னால், பின்னால், பிம்பத்துக்குள் பிம்பமாக, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை நேராகவே இருந்தது. கோ லினைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அந்தக் கடையிலேயே பிறந்து வளர்ந்தவர், "ஆமாம்ல" என்றார். இதுவரை பார்த்ததே இல்லையாம். வீட்டுக்குள் இருப்பவருக்கும் வெளியே தெருவில் நிற்பவருக்கும் ஒரே மாதிரி தெரிகிற எழுத்தைத்தான் மகிழ்ச்சிக்கு வைத்திருக்கிறார்கள், அண்ணா.

டோ சான் யீ உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "உன் பக்க நாற்காலிக்கு என் தம்பியை உட்காரச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். வாடகைக்கு அண்ணன் வேண்டாம் என்றேன். நீங்கள் வராவிட்டால் அது காலியாகவே இருக்கும். காலி நாற்காலிக்கு முழங்காலிட்டுத் தேநீர் கொடுப்பேன். கொடுப்பேனா மாட்டேனா என்று உங்களுக்குத் தெரியும்.

சிவப்புத் தாள் என்றால் உங்களுக்கு என்ன? கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன்.

ஷைலா

மிங்கலா தாங்ஞுன்ட்
2 நவம்பர் 2025, ஆத்துமாக்கள் திருநாள்

ஷைலாவுக்கு,

போன ஞாயிறே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத வரவில்லை. இன்றைக்குக் கல்லறைக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தேன். உன் பங்குக்கும் ஒன்று வைத்தேன். காற்றில் என்னுடையது அணைந்து அணைந்து போனது, உன்னுடையது எரிந்தது. அங்கேயும் உனக்குப் பிடிவாதம்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நாம் ரயில் பாதைப் பக்கத்து வீட்டை ஏன் விட்டோம் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். கூரை ஒழுகியது என்று சொல்லி வைத்திருந்தேன். கூரை ஒழுகவில்லை. அப்பா தவறிய பிறகு வீட்டுக்காரன் ஒருநாள் கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனான். காலி செய்யச் சொல்லி. எனக்கு அப்போதுதான் மீசை அரும்புகிற வயது. நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன், தெருவே நம் கதவைப் பார்த்து நிற்கிறது. அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "என்னாடா எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுடா" என்றார். எனக்குப் படிக்கத் தெரியும். படித்தேன். எல்லாருக்கும் முன்னால் என் வாயாலேயே சொன்னேன், நம்மைப் போகச் சொல்லியிருக்கிறது என்று. அன்றைக்குச் சாயங்காலம் கோயில் கூடத்துக்குப் போய்விட்டோம். அந்த வருட மழைக்காலத்தை அம்மா தாண்டவில்லை. மீதி உனக்குத் தெரியும்.

அந்தக் கதவு வேறு, இந்தக் கதவு வேறு. வீட்டுக்காரன் வேறு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது கதவில் சிவப்பாகத் தெரிந்ததும், ஷைலா, நீ போகிறாய், வீடும் போகிறது என்று தோன்றியது. கிழித்தது என் கை. கோபத்தில் கிழிக்கவில்லை, பயத்தில் கிழித்தேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் கோபப்பட்டேன்.

நீ போவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன். பெரிதுபடுத்தாதே.

நீ சொன்னாயே என்று முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் அந்தப் பாதித் தாளைப் பார்த்தேன். திரும்பவே இல்லை. கண்ணாடியைச் சாய்த்தேன், தள்ளிப் பிடித்தேன், அப்படியே நிற்கிறது. என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயர் இடம் வலமாய்ப் புரள்கிறது, அது மட்டும் அசையவில்லை. காளியம்மா அக்கா பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்னா, கதவுக்குச் சவரம் பண்ணுதா?" என்று கேட்டுச் சிரித்தார். இருபது வருடத்துக்கு மேல் எழுத்து வெட்டுகிறேன். எழுத்து இப்படி நிற்குமென்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் இதை எப்படி வெட்டினார்? நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. கையால் அப்படி வெட்ட முடியாது. அதை மட்டும் கேட்டு எழுது.

அண்ணன்

கியாக்டடா
5 நவம்பர் 2025

என் அண்ணாவுக்கு,

ஸ்டீவன் மாமாவுக்கு எதிரிலேயே அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே எனக்கு லபேயே வாங்கிக் கொடுத்தார். பாங்கு வாசலில் ஒரு காவல்காரரும் அழுகிற ஒருத்தியும் டீ குடிப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கூரை ஒழுகியது என்றே இத்தனை நாள் நம்பியிருந்தேன். மழை பெய்யும்போதெல்லாம் நீங்கள் எழுந்து கூரையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு இன்னோர் எழுத்தைக் காட்ட வேண்டும். 幸. ஜப்பானில் மகிழ்ச்சி என்றால் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக என்னிடம் படிக்க வருகிறவர்கள் ஆசையோடு கற்றுக்கொள்வதும் இதைத்தான். போன வாரம் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற பயிற்சியில், "அம்மா, நான் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று எழுதினான். மேலே ஒரு கோடு விட்டுப்போய் 辛 ஆகிவிட்டது. "அம்மா, நான் இங்கே வேதனையில் இருக்கிறேன்." வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நான் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்வது?

அந்த 幸 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். எலும்பில் கீறிய பழைய வடிவம் என்னவாம் தெரியுமா? கைவிலங்கு. மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற விலங்கின் படம் என்று பலர் சொல்கிறார்கள். வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு, எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் கைவிலங்கு எப்படி மகிழ்ச்சி ஆனது? விலங்கு மாட்டாமல் தப்பித்தவன் சந்தோஷம் என்கிறார்கள். அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத்து தன் பழைய பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு மேலே மகிழ்ச்சி என்று நிற்கிறது. நம் கதவும் அப்படித்தானே, அண்ணா? உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த எழுத்தை என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. கை மெதுவாகிவிடுகிறது.

நீங்கள் கேட்டதைக் கேட்டேன். கேட்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வீட்டுக்காரன், கோயில் கூடம், அம்மா, எல்லாம். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டுங்கள். டோ சான் யீ நான் முடிக்கும்வரை கண்ணாடி துடைக்கிற துணியைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் மாமனாருக்கும் ஒரு காலத்தில் கதவில் என்னவோ ஒட்டினார்களாம். பிறகு ஒரு சிவப்புத் தாளை எடுத்து நீளவாக்கில் மடித்தார், மறுபடி மடித்தார், பென்சிலால் என்னவோ வரைந்தார். "வெட்டறது அவரு தொழில்தானே. வெட்டி முடிக்கிற வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

அதுதான் இதோடு இருப்பது. எனக்கும் பிரித்துக் காட்டவில்லை. வரைந்திருப்பது ஒரு முழு எழுத்துகூட இல்லை.

ஷைலா

மிங்கலா தாங்ஞுன்ட்
16 நவம்பர் 2025

ஷைலா,

மாமியார் வீட்டில் போய் நம் குடும்பக் கதையெல்லாம் அவிழ்த்துவிட்டாயா? நல்லது. இனி நான் எதை மறைப்பது?

அந்தத் தாளைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். கரண்ட் இல்லாத நேரம், எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பென்சில் கோட்டைப் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. பாதி மேளம், பாதி வாய், ஓரத்தில் அறுந்து நிற்கிற கோடுகள். நம்மைக் கேலி செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அவசரத்தில் மடிப்பு எந்தப் பக்கம், திறந்த விளிம்பு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு பழைய செய்தித்தாளை அதே மாதிரி மடித்து முதலில் வெட்டிப் பார்த்தேன். பிரித்தால் பொலபொலவென்று துண்டு துண்டாக மடியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நல்லவேளை, அவர் தாளில் கை வைக்கவில்லை.

பிறகு நிதானமாக உட்கார்ந்து, அவர் தாளையே கத்தரியால் வெட்டினேன். வெட்டி முடித்துவிட்டுப் பிரிக்கப் பயம். முதல் மடிப்பைத் திறந்தேன். அரை எழுத்து ஓர் எழுத்தானது. நம் கதவில் இருக்கிறதே, அதே. இரண்டாவது மடிப்பைத் திறந்தேன்.

ஷைலா, பட்டறையில் எல்லாரும் எழுந்து வந்தார்கள். வெட்டியது அரை எழுத்து, வந்தது இரண்டு எழுத்து. கைகோத்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் அந்தக் கோடு இங்கேயிருந்து அங்கே போய் இதன் கை எது, அதன் கை எது என்று சொல்ல முடியாதபடி ஒன்றாகிவிட்டது. இவ்வளவு வருடமாகத் தகட்டில் வெட்டுகிறேனே, எந்தத் துண்டு விழும், எதற்கு எங்கே பிடிப்புக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தலைவலியே. இதில் ஒரு புள்ளிகூடத் தனியாக நிற்கவில்லை. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். தாளுக்குப் பின்னால் நின்றவர்கள் அந்தப் பக்கமிருந்து, "எங்களுக்கும் நேராத்தான் தெரியுது" என்றார்கள். இதைச் செய்தவரின் தாளைத்தான் சாக்கடையில் போட்டேன்.

கரண்ட் வந்ததும் அதை வைத்துத் தகட்டில் வெட்டினேன். ஓரமெல்லாம் தேய்த்து, கை கிழிக்காதபடி செய்து, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் காயவைத்திருக்கிறேன். நாளைக்கு அரைநாள் லீவு போட்டு நானே லாத்தாவுக்குக் கொண்டுபோகிறேன். கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அந்த அம்மாளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாற்காலியைப் பற்றி இப்போது கேட்காதே. வருகிற முகம் எனக்கு இன்னும் வரவில்லை.

அண்ணன்

லாத்தா
18 நவம்பர் 2025

அண்ணா,

டோ சான் யீயின் கடையிலிருந்து அவசரமாக எழுதுகிறேன். ஸ்டீவன் மாமா இன்று சாயங்காலமே உங்கள் வீட்டு வழியாகப் போகிறாராம்.

நேற்று நீங்கள் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். கடைக்காரர்கள் சொல்லித்தான் தெரியும். தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்தீர்களாம். "அன்னிக்கு அறியாமப் பண்ணிட்டேன், டோ சான் யீ" என்று சொன்னீர்களாம். பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கிவிட்டீர்களாம். டோ சான் யீ கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தாராம், நீங்கள் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

இப்போது அது கடை வாசலுக்கு மேலே தொங்குகிறது. உள்ளே எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் நீங்கள் வெட்டியதுதான் தெரிகிறது. டோ சான் யீ நேற்றுக் கடையை மூடாமல் அதற்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். ஜப்பானிய மொழியில் மகிழ்ச்சிக்குச் சொல்கிற 'ஷிஅவஸே' என்ற சொல்லுக்கு வேர் என்னவென்று முன்பு அவருக்குச் சொல்லியிருந்தேன். ஒன்றோடு ஒன்று பொருந்தி வருவது. "உங்க அண்ணன் கதவுல பாதி இருக்குல்ல" என்றார். பொருத்துவது எப்படி என்று கேட்டேன். அவர் பசை காய்ச்ச உள்ளே போய்விட்டார்.

நான் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. பாருங்கள், கேட்கவே இல்லை.

ஷைலா

மிங்கலா தாங்ஞுன்ட்
20 நவம்பர் 2025, வியாழன்

அன்புள்ள ஷைலாவுக்கு,

இன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பினேன். கதவில் சிவப்பு.

கால் நின்றுவிட்டது. தெரியும், என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உடம்புக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தோடு நின்ற இடத்துக்கே போய்விட்டேன். அப்புறம் ஓர் அடி வைத்தேன், இன்னோர் அடி வைத்தேன்.

கிழிந்துபோன இடப்பக்கத்துக்கு மட்டும் ஒரு புதுத் தாளை வெட்டி, பழையதோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார். பழையது வெயில் பட்டு வெளிறிப்போயிருக்கிறது. புதுசு பச்சை மிளகாய் பழுத்த மாதிரி சிவப்பு. நிறம் வேறு வேறாகத்தான் தெரிகிறது. ஆனால் சேருகிற இடத்தில் கோடு கோட்டோடு சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது. நான் வருவதற்குச் சற்று முன்னால்தான் போயிருக்கிறார். காத்திருக்கவில்லை, நான் அங்கே செய்த மாதிரியே. வீம்பில் எனக்குச் சரியான சம்பந்திதான்.

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு மாதிரியே. காளியம்மா அக்கா வாசலிலிருந்து, "அந்த சீனத்தி வந்து ஒட்டிட்டுப் போச்சு தம்பி. கிழிச்சிடாதே, பாவம். என்னாதான் எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லேன்" என்றார்.

அம்மா கேட்ட மாதிரியே கேட்டார், ஷைலா. படித்துச் சொல் என்று.

மேளம், வாய், இரண்டு இரண்டு என்றெல்லாம் நீ எழுதியது அத்தனையும் நினைவுக்கு வந்தது. ஆனால் நீ முதல் கடிதத்தில் தனியாக எழுதினாயே ஒரு வரி, நான் தப்பாகப் படித்த வரி, அதுதான் வாயில் வந்தது.

"இருக்கச் சொல்லியிருக்குக்கா" என்றேன்.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டைக்குச் சொல்லியிருக்கிறேன். நாற்காலி கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். தேநீரில் எனக்குச் சர்க்கரை கூடப் போடு.

அண்ணன்
அமிர்தநாதன்